ஐம்பத்து நான்காம் தொகுதி மேல் தட்டில்

மாத்தளை நீதிமன்ற வளவுக்குள் இருக்கும் வழக்கறிஞர் சங்கத்துச் சட்ட நூலகம் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. கூரையை மாற்றினார்கள். கறையான் அரித்த அலுமாரிகளை விறகுக்குக் கொடுத்தார்கள். தரைக்குச் சிவப்புச் சீமெந்து பூசினார்கள். அவ்வளவு காலமும் புத்தகங்கள் தேயிலைப் பெட்டிகளில் அடைபட்டு ஒரு மிளகுக் கடையின் பின்னறையில் இருந்தன. அறுபத்தெட்டாம் ஆண்டு ஆவணியில் அவை திரும்பி வந்தபோது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தும்மல் வந்தது.

அவற்றை அடுக்க வேண்டியவள் சந்திரகாந்தா. எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவரின் மகள். ஆங்கிலத்தில் எஸ்.எஸ்.சி. தேறி, தட்டெழுத்துப் பழகி, புரொக்டர் எனப்பட்ட வழக்கறிஞர் ஒருவரின் கந்தோருக்கு வேலைக்கு வந்தாள். நூலகத்தைப் பார்க்க ஆளில்லை, மூன்று மாதத்துக்குப் போய் இரு என்று அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் பதினேழு வருடமாகிவிட்டது. கலியாணம் இரண்டு முறை பேசி நின்றுபோனது. மூன்றாம் முறை அவளே வேண்டாமென்றாள். இப்போது வயது நாற்பத்தொன்பது. தங்கை வீட்டில் ஓர் அறை அவளுக்கு.

நூலகம் என்று பெயரே ஒழிய, அங்கே ஆறுதலாக உட்கார்ந்து படித்தவர்கள் குறைவு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே புரொக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் தொகுதியும் பக்கமும் எழுதி நீட்டுவார். நீதிமன்றப் பியோன் றஹீம் அதை எடுத்துக்கொண்டு வளவைக் கடந்து ஓடிவருவார். நீதவான் காத்திருக்கும்போது புத்தகம் போய்ச் சேர வேண்டும். சந்திரகாந்தா தேடி நின்றதாக யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்று வருடமாக அவளுடைய வலது முழங்கால் மடங்க மறுத்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய அலுமாரிகள் தோளுயரம்தான், சமாளித்துக்கொண்டாள். புத்தகம் அடுக்கப் புதிதாக வந்த இரும்பு இறாக்கைகளோ கூரை வரைக்கும் நின்றன. ஓர் ஏணியும் வந்திருந்தது.

முதல் நாள் அவள் அந்த ஏணியையே பார்த்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன நோனா, புதுக் கட்டடத்துக்குப் பழைய முகத்தோடயே வந்திருக்கீங்க?" என்றார் றஹீம்.

"முகத்தையும் மாத்தித்தரச் சொல்லி சங்கத்துக்கு எழுதுங்க நானா." அவரை அவள் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவாள்.

வருடக்கணக்காக வந்த துண்டுகளை அவள் எறிந்ததில்லை. அவற்றைப் பிரித்துப் பார்த்தாள். நானூறு தீர்ப்புத் தொகுதிகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை எழுபதுக்குள்தான். அந்த எழுபதையும் கைக்கெட்டும் தட்டுகளில் வைத்தாள். மற்றவற்றை றஹீமைக் கொண்டு மேலே ஏற்றினாள். ஒன்பது நாள் பிடித்தது.

பத்தாம் நாள் சங்கச் செயலாளர் புரொக்டர் ஸெய்னுலாப்தீன் வந்தார். கொழும்பில் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்து, இந்தத் திருத்த வேலையையே தொடக்கிவைத்தவர் அவர்.

"மிஸ் சந்திரகாந்தா, பன்னிரண்டுக்குப் பக்கத்துல அம்பத்து நாலு நிக்குது. இது என்ன கணக்கு?"

"அடிக்கடி கேக்கிறது கிட்ட இருக்கு சேர். சுணங்காம குடுக்கலாம்."

"அது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வேற ஒருத்தர் வந்தா? நம்பர் வரிசையில அடுக்குங்க. ஒண்ணு கீழ இருந்து தொடங்கட்டும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முழங்காலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'நாளைக்கு வேற ஒருத்தர்' என்ற சொல் காதிலேயே நின்றது. நியமனக் கடிதமில்லாத வேலை அது. போ என்றால் போக வேண்டியதுதான். பென்ஷனும் கிடையாது.

எல்லாவற்றையும் இறக்கி மறுபடியும் ஏற்றினார்கள். றஹீமின் வாய் ஓயவில்லை. "உம்மா பெத்தது பியோன் வேலைக்கு. இவங்க என்னைக் குரங்காக்கிட்டாங்க." ஐம்பத்து நான்காம் தொகுதி முதல் இறாக்கையின் உச்சித் தட்டுக்குப் போனது.

நூலகம் திறந்த மறுநாள், வழக்குத் தொடங்கி அரை மணியாகவில்லை, றஹீம் துண்டோடு வந்தார். ஸெய்னுலாப்தீனின் கையெழுத்து. ஐம்பத்து நான்கு.

சந்திரகாந்தா ஏணியைச் சாய்த்தாள். இரண்டு படி ஏறினாள். மூன்றாவதில் கால் பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இறாக்கையின் இரும்பைப் பிடித்தபடி நின்றாள்.

"இறங்குங்க நோனா, நான் ஏறுறேன்." அவர் தோளைக் கொடுத்து இறக்கினார்.

அவர் ஏறி எடுத்துத் தந்தால் இன்றைக்கு ஒப்பேறிவிடும். நாளைக்கும் துண்டு வரும், நாளன்றைக்கும் வரும். வழக்குக்கு வந்த தோட்டத்து ஆட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்கும் நேரத்தில் வேறு யார் கையிலாவது வரும். ஒளித்து ஒளித்து அவள் களைத்துப்போயிருந்தாள். துண்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினாள்: 'புத்தகம் மேல் தட்டில் இருக்கிறது. எனக்கு ஏணி ஏற ஏலாது. ஏறக்கூடியவர் வந்து எடுக்கவும்.'

"இதையா கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றீங்க? அங்க கோட்ஸ்ல வழக்கு நடக்குது!"

"குடுங்க நானா."

சற்று நேரத்தில் ஸெய்னுலாப்தீனே கறுப்புக் கோட்டோடு வந்தார். நேரே போய் ஏணியில் ஏறினார். புத்தகத்தை இழுத்தபோது மிளகுத்தூள் முகத்தில் கொட்டி, ஏணியிலேயே நாலு தரம் தும்மினார். புத்தகத்தோடு போய்விட்டார்.

மத்தியானம் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வீட்டுக்குப் போகச் சொல்லுவீங்கன்னு."

அவர் வாங்கில் உட்கார்ந்து காலில் மாட்டியிருந்த சப்பாத்தில் படிந்த தூசியைப் பார்த்தார். "நீதவான் முன்னால பத்து நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். நீங்க பழையபடி அடுக்கியிருந்தா ரெண்டு நிமிஷம்."

"ஆமா சேர்."

"அப்படியே அடுக்குங்க. எது எங்க இருக்குன்னு ஒரு பட்டியல் அடிச்சு கதவுல ஒட்டுங்க. கமிட்டிக்கு நான் சொல்றேன். மார்கழி வரைக்கும் போகட்டும், பிறகு பார்ப்போம்."

மார்கழிக்கு நாலு மாதம் இருந்தது.

அவர் போனதும் றஹீம் தலையை நீட்டினார். "என்னவாம்?"

"எல்லாத்தையும் திரும்ப இறக்கணும் நானா."

"யா அல்லாஹ்! மூணாவது தடவையா?"

"மூணாவது தடவை."

அவர் இறாக்கைகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை நகர்த்தினார். சந்திரகாந்தா முழங்காலை நீட்டி வைத்து, முதல் புத்தகத்தை வாங்கக் கையை ஏந்தினாள்.