தம்பியின் சட்டையும் என் சாம்பலும்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது. ரெண்டு எங்கள் அம்மா பெற்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்த ரெண்டில் கடைசிதான் இந்த நினைவு மலரில் படமாக இருக்கும் தம்பி. புத்தகத்தில் ‘அவர்’ என்றுதான் போடவேண்டுமாம், நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி சொல்கிறாள். இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டின பிள்ளையை அவர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதை அது.

தம்பி லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தார். கடலுக்குப் போனால் அவருக்கு வாந்தி நிற்காது. எங்கள் நைனா கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, இது கரைக்குப் பிறந்த பிள்ளை என்று விட்டுவிட்டார். அதைச் சொல்லியே ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். தம்பி பொன்னேரியில் ஒரு பட்டறையில் சேர்ந்து எஞ்சின் வேலை கற்றுவந்தார். குப்பத்துக்கு எஞ்சின் வைத்த ஃபைபர் போட்டுகள் வந்தபின், கேலி செய்தவர்களே எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு, கரையில் அவர் போட்ட வேலைக் கொட்டகைக்கு வந்தார்கள். எவரையும் அவர் காக்க வைத்ததில்லை. கல்யாணம் வேண்டாம் என்று கடைசிவரை என் வீட்டிலேயே இருந்தார்.

அவருடைய வேலைச் சட்டைகளை நான்தான் துவைத்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இந்தத் தெருவைக் கேளுங்கள். கிரீஸைக் கிளிஞ்சல் ஓட்டால் வழித்தெடுப்பேன். சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விடுவேன். தண்ணீர் படும் முன்னே பார்சோப்பு படவேண்டும். கடல் கலக்கிற ஏரித் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைக்காது; குழாய்த் தண்ணீரைச் சூடு பண்ணித்தான் அலசுவேன். ஒரு பொட்டு இருக்காது. வேண்டுமென்றே தெருப்பக்கக் கொடியில் காயப்போடுவேன்.

எதிர்வீட்டுச் செல்வியின் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். அந்தப் பெண் என்னிடம் வந்து முறை கேட்டுப் போனாள். நான் சொன்னபடியே செய்தும் கறை போகவில்லை. குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது அவள் கேட்டாள்: “எங்க ஊட்டு அடுப்பும் வெறகுலதான் எரியுது பெரிம்மா. உங்க ஊட்டு சாம்பல் மட்டும் கைலாசத்துலேர்ந்து வருதா?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“சாம்பல் இன்னா பண்ணும்? தேய்க்கிற கையில உசுரு இருக்கணும். சோம்பேறிக் கைக்கு எதுவும் போவாது” என்றேன்.

அது அவள் மாமியார் காதுக்குப் போய், அந்த வீட்டிலும் அதுவே பேச்சானது. அதற்கப்புறம் செல்வி தன் வீட்டுக்காரர் சட்டையைத் தெருப்பக்கம் காயப்போடுவதில்லை. கொல்லைப்பக்கம்தான்.

போன வருஷம் தம்பிக்கு மூச்சுக் கோளாறு வந்தது. கொட்டகைக்குப் போகமுடியாமல் படுத்தார். படுத்தவர் எழவில்லை. அவர் போன அன்று குப்பத்தில் ஒரு போட்டும் கடலில் இறங்கவில்லை. கரையில் வரிசையாக நின்ற அத்தனை எஞ்சினும் அவர் கைபட்டது.

கருமாதிக்கு முன்னால், கொட்டகையில் அவரோடு வேலை செய்த கூட்டாளி ஒரு பை கொண்டுவந்தார். தம்பி கடைசியாகக் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டை அதில் இருந்தது. துவைத்து, மடித்து, புது வேட்டியோடு படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கிளிஞ்சல், சாம்பல், சோப்பு, சுடுதண்ணீர் எல்லாம் ஆயிற்று. கறை அப்படியே இருந்தது. மறுபடி சாம்பல் போட்டேன். விரல் வெடித்ததுதான் மிச்சம்.

பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். “உடு யக்கா, அது போவாது. அவரு அங்கயே மண்ணெண்ணெய்ல ஊற வெச்சி, பிரஷ் போட்டு எல்லாக் கறையும் எடுத்துட்டுத்தான் ஊட்டுக்குக் கொண்டாருவாரு. இது ஒண்ணுதான் தப்பிச்சது.”

நான் நம்பவில்லை. எப்போதும் கறையோடுதானே கொடுத்தார் என்றேன்.

“கெளம்பும்போது ரெண்டு வெரலால புது கிரீஸ் தொட்டு, பாக்கெட்டுல, கையில வெச்சிப்பாரு. அது ஒனக்கு, சாம்பலுக்கே போற கறை. ஒரு தபா ஒன் கையி வெடிச்சி ரத்தம் வந்துதாமே, அன்னிலேர்ந்துதான். துவைக்காதன்னு சொன்னா கேப்பியா நீ?”

மண்ணெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. எஞ்சின்காரர் சட்டை வேறெப்படி மணக்கும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இன்றைக்கும் குழாயடிக்குக் கூட்டம் போனபின்தான் போகிறேன். என் கையில் உசுரு என்றேனே, அது அவர் கையில் இருந்தது.

அந்தச் சட்டையைக் கறையோடுதான் வைத்துப் படைத்தேன். வருஷ திதிக்கும் அப்படியே வைப்பேன். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

தம்பியைத் தோள் கொடுத்துத் தூக்கின பிள்ளைகளுக்கும், தொழிலை நிறுத்தி நின்ற ஊருக்கும், திருப்பாலைவனத்திலிருந்து வந்து கூடவே இருந்த சொந்தங்களுக்கும் என் கும்பிடு. தம்பி படுத்திருந்த நாளெல்லாம் கேட்காமலே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டினவள் செல்வி. அந்தக் கையைத்தான் சோம்பேறிக் கை என்றேன். அவளுக்குத் தனியாக ஒரு கும்பிடு. சாம்பலுக்கு முன்னால் மண்ணெண்ணெய் போடணும் செல்வி. எனக்கே இப்போதுதான் தெரியும்.

பாப்பா, எழுதின வரைக்கும் படி, கேட்கிறேன். செல்வி பேர் வருகிற இடத்தில் சத்தம் குறைத்துப் படிக்காதே. எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது.