நடப்பவருக்கே வெளிச்சம்

நான் அறை அறையாகப் போய் லைட்டை அணைக்கும்போது "சென்சார் வந்துருச்சு" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் கண்ணுகளா. ஆனால் அந்தப் பட்டம் எனக்குக் கம்பெனியிலேயே கிடைத்துவிட்டது. எப்படி என்று எழுதிவைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லி, ஆள் வந்தால் பிரகாசமாகிற தெருவிளக்கு வந்த காலம். எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார். தெருவே அறிவாளி ஆனபிறகு பனியன் கம்பெனி மட்டும் மக்காக இருக்கலாமா? மறுவாரமே லேப்டாப்போடு ஒருவர் வந்து, நான் சூப்பர்வைசராக இருக்கும் செக்கிங் ஹாலில், வாசலுக்கு மேலே சென்சார் என்று ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினார்.

"ஆள் நடமாட்டம் இல்லைன்னா லைட் தானா ஆஃப் ஆயிரும் சார். கரண்ட் மிச்சம். எப்ப ஆள் இருந்தாங்கன்னு உங்க போன்லயே காட்டும்."

செக்கிங் என்பது தைத்து வந்த பனியனில் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கும் வேலை. சுற்றிலும், ஜன்னலையும் மறைத்து, ஆளுயரத்துக்குப் பனியன் அடுக்கு. அதற்குப் பின்னால் பதினெட்டுப் பெண்கள் குனிந்து வேலை செய்வது டப்பாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருட்டு. டீ குடிக்க, போன் பேச என்று எழுந்து திரிபவர் வந்தால் உடனே பளிச். சும்மா நடப்பவருக்கு வெளிச்சம், வேலை செய்பவருக்கு இருட்டு. எவ்வளவு அறிவு பாருங்கள்!

வாசலோர மேஜையில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். கணவர் இல்லை. இரண்டு பெண்களைப் படிக்கவைப்பது அந்தச் சம்பளம்தான். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"எண்ணே, ஒரு நட நடந்துட்டு வாங்க. கண்ணு தெரியல."

நடந்தேன். லைட் வந்தது.

"எங்க சென்சாருக்குக் காலு முளைச்சிருக்கு!" என்றார். ஹாலே சிரித்தது.

மூன்று நாள் நடந்தே கால் வீங்கிவிட்டது. நான்காம் நாள், கட்டிங் வேஸ்டிலிருந்து நீளமாக ஒரு பனியன் துணியை எடுத்து, அக்கா மேஜைக்கு மேலிருந்த சுவர் ஃபேனில் கட்டிவிட்டேன். அது டப்பாவின் மூக்குக்கு நேராகப் படபடவென்று ஆடியது. லைட் அணையவே இல்லை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

லைட் தானாக அணையும் என்று சொன்னதிலிருந்து சாயங்காலம் சுவிட்சைத் தொடும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஃபேனையும் யாரும் நிறுத்தவில்லை. ஃபேன் துணியை ஆட்ட, துணி லைட்டை எரியவைக்க, ஞாயிறு முழுக்க ஆளில்லாத ஹாலில் திருவிழா.

திங்கட்கிழமை காலை முதலாளி போனை நீட்டியபடி வந்தார்.

"ஏனுங்க, நேத்துப் பூராம் செக்கிங்ல ஆளுன்னு காட்டுது. யாருங்க, பேயிங்களா?"

நிமிர்ந்தவர் துணியைப் பார்த்து ஃபேனை நிறுத்தினார். பிறகு அதன் கீழே இருந்த அக்காவைப் பார்த்தார்.

"லைட்டு லைட்டுன்னு சத்தம் போட்டது இந்தம்மாதானுங்களே? கணக்கு முடிச்சு அனுப்பிருங்க."

அக்கா கையிலிருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியைக் கட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் அப்பா பெரிய வீரன் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஸ்கூல் பீஸ்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நானும் முதலாளியும் அசையாமல் நின்றதில் லைட்டே அணைந்துவிட்டது. இருட்டில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"நானுங்க கட்டினேன். அவங்களுக்குச் சம்பந்தமில்லீங்க."

"நீங்களா! இத்தன வருசமா இருக்கறீங்க, இதென்னுங்க பண்டிகைக்குத் தோரணமா?"

"ஒரு பத்து நிமிசம் அந்த மேஜைல உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். அக்கா இடத்தில், அடுக்குக்குப் பின்னால், ஒரு பனியனை விரித்துக்கொண்டு. நாங்கள் யாரும் நடக்கவில்லை. அவர் நடந்துபோனதில் வந்த லைட் மறுபடி அணைந்தது.

"கறை எங்கிருக்குதுங்க?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அதத்தான் மொதலாளி நாங்களும் தேடுறோம்" என்றார் அக்கா.

டப்பா கழிவறை வாசலுக்குப் போனது. அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. மேஜைக்கு ஒரு லைட்டும், ஒரு இழுப்பில் எரிந்து மறு இழுப்பில் அணைகிற சுவிட்சும் வந்தன. இழுக்கும் கயிற்றுக்கு அதே கட்டிங் வேஸ்ட் துணி. எழுந்து போகிறவர் இழுத்து அணைத்துவிட்டுத்தான் போகிறார். ஒரு வாரம் கழித்து நான் பழக்கதோஷத்தில் ஹாலைச் சுற்றிவந்தேன்.

"எண்ணே, சென்சாரக் கழட்டியாச்சு" என்றார் அக்கா. "உக்காருங்க."