நத்தை வேன்காரரும் வெள்ளை வீடும்

எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் என்னைப் போல நெஞ்சை அடைத்துவிடும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என் அத்தானுக்கு, அதாவது என் அக்கா கணவருக்கு, பாதிக் கண் தெரியாது. அக்கா வீட்டுச் சாமான்களை ஒழித்துவிட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்திராவிட்டால் அது இன்றுவரை எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வேனில்தான் என் மகள் தினமும் போய்வந்துகொண்டிருந்தாள்.

பிள்ளைகள் அத்தானுக்கு வைத்த பெயர் நத்தை. அப்படி ஓட்டுவார். யாரையும் முந்த மாட்டார். தெருமுனை திரும்புவதற்கு முன் கழுத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்ப்பார், அப்புறம் சந்தேகம் வந்தவர் போல இன்னொரு தடவை பார்ப்பார். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனாலும் அசைய மாட்டார். இருட்டிவிட்டால் யார் கெஞ்சினாலும் வண்டியைத் தொட மாட்டார். "பொறுப்புன்னா இவர்தான்" என்று தாய்மார்கள் எல்லோரும் சேர்ந்து சர்டிஃபிகேட் கொடுத்திருந்தோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேனை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் சண்டைக்கே போயிருக்கிறேன்.

வீட்டில் கதை வேறு. ஒரு நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "எடுத்தா எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா?" என்று வீடே அதிரும். நடக்கும்போது பீரோ, தையல் மிஷின், நாற்காலி முதுகு என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போவார். தூசி பார்க்கிறார் என்று அக்கா பல்லைக் கடிப்பாள். "எனக்குத் தனியா ஒரு மாமியார் எதுக்கு? இவரே போதும்" என்பாள் என்னிடம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அக்காவுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. பகல் முழுக்கப் பூப்போட்ட துணியாகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், வீட்டிலாவது எதுவுமே கண்ணில் படக் கூடாது என்ற நிலைக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ போனில் ஒரு வீடியோவை அனுப்பிவைத்தார்கள். சுவரெல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு சோபா. மூலையில் ஒரு செடி. அவ்வளவுதான் வீடு. அதற்குப் பெயர் மினிமலிசமாம்.

"அந்த வீட்டுல தொடப்பத்த எங்கக்கா வைப்பாங்க?" என்று கேட்டேன்.

"போடி, உனக்கு ரசனைன்னு ஒண்ணு இருந்தாத்தானே" என்றாள்.

குளிர் விட்டு, தெரு மரங்கள் துளிர்க்கிற சமயம். வீடும் துளிர்க்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான், "இருக்கிறது இருந்துட்டுப் போகட்டுமே" என்று மட்டும் முணுமுணுத்தார். வழக்கம்போலக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டோம். பள்ளி விடுமுறை வந்ததும் அவர் ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார். பஸ் முனை திரும்புவதற்குள் அக்கா பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டாள்.

நானும் கூடமாட நின்று வேலை பார்த்தேன், பொய் சொல்வானேன். தேக்கு நிறப் பீரோ, செருப்பு அலமாரி, தையல் மிஷின், சிவப்பு நாற்காலி, காலண்டர், நீலத் திரை எல்லாம் போயின. சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, கைப்பிடியும் வெள்ளை. புதிதாக ஒரு வெள்ளை மேஜை, அதற்கு ஜோடியாக ஒரு முக்காலி, மேஜைமேல் வைக்க வெள்ளைக் கோப்பைகள். வீடு அழகாகத்தான் இருந்தது. வாய்விட்டுப் பேசினால் எதிரொலித்தது.

மறுநாள் பள்ளி திறக்கிறது என்றிருக்க, அத்தான் மதியம் வந்து சேர்ந்தார். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். வாசலில் நின்றார். வலது கையை நீட்டினார். பீரோ இருந்த இடத்தில் வெறும் காற்று. இரண்டடி வைத்தார், நாற்காலி இருந்த இடத்தில் திரும்பினார், உட்கார்ந்தார். தொப்பென்று தரையில்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்காவும்தான். "ஐயோ, பாத்து உக்காரக் கூடாதா?" என்று ஓடித் தூக்கி முக்காலியில் உட்கார்த்தினாள். அவர், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார், சுவரைப் பார்த்து.

அக்கா காபி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவர் கை மேஜைமேல் தடவிக்கொண்டே வந்து கோப்பையைத் தட்டிவிட்டது. "சட்டைய மாத்திக்கிட்டு வரேன்" என்று எழுந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து நடந்தார். கை கதவின்மேல் பட்டது, அதையும் தாண்டிப் போனது. மூலை வந்ததும் நின்றுவிட்டார். மறுபடியும் சுவரைத் தடவத் தொடங்கினார்.

சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். துணியை நனைத்துப் பிழிந்து, காபியைத் துடைக்கலாம் என்று திரும்பி வந்தேன். வெறுங்கால், சத்தம் எழவில்லை. அக்கா அவரைச் சுவரோரம் நிறுத்தி, முகத்துக்குப் பக்கவாட்டில் கையை விரித்துப் பிடித்திருந்தாள். நான் அவருக்கு மறுபக்கம் போய் நின்றேன்.

"என் கை எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் கழுத்தைத் திருப்பப் போனார், அக்கா தாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து?" என்றாள் அக்கா.

"ரெண்டு மூணு வருஷமா. நேரா பாத்தா நல்லாத்தான் தெரியுது. ஓரந்தான் இல்ல. வெள்ளையில வெள்ளை கலந்துபோயிடுது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா லைசென்ஸப் புடுங்கிடுவாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

அத்தான் நிஜமாகவே திகைத்துப்போனார். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! ஒரு சாமானக்கூட எடம் மாத்தாம வச்சிருந்தியே. எனக்காகத்தான், வாயத் தொறக்காம பாத்துக்கிறேன்னு…"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வசவுக்குப் பயந்து வைத்திருந்தாள் அவள், வேறொன்றுமில்லை. இத்தனை வருஷமும் அதைப் பாசம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். அழுவதா, அவரைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்குப் புரியவில்லை. முனையில் அந்தக் கழுத்தை அப்படித் திருப்பியது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கொண்டாடிய பொறுப்பு! எத்தனை பிள்ளைகள், எத்தனை முனைகள்!

"நாளைக்குப் பள்ளிக்கூடம் தெறக்குதே" என்றாள் அக்கா.

"அந்த ரோடு எனக்கு அத்துப்படி. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் குனிந்து, சமையலறைப் பக்கம் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உன் தங்கச்சி காதுல மட்டும் போட்டுடாத. தெரிஞ்சா பாப்பாவ என் வண்டியில ஏத்த மாட்டா."

நான் அவர் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில், ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான், நான் இங்கதான் நிக்கிறேன்."

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. குரல் வந்த பக்கம் திரும்பி, சுவரில் தேடி, கடைசியில் என் முகத்தைக் கண்டுபிடித்தார். சொல்ல எவ்வளவோ வசவு வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"இவ்வளவு நேரமும் இங்கயேதான் நின்னியா?"

"ஆமா அத்தான்."

"இவ்வளவு பக்கத்துலயா?"

தலையாட்டினேன். அப்புறம் நினைவு வந்து, "ஆமா" என்று சத்தமாகச் சொன்னேன்.

"நீ பெரிய மனுஷி, நீயே எனக்குத் தெரியல" என்றார். "இதே எடத்துல ஒரு கொழந்த நின்னிருந்தா…"

சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.