காதில் விழுந்ததெல்லாம் செய்தி

"மழை, பிழை, உழவு" என்று ஒலிவாங்கியைப் பார்த்து முணுமுணுக்கிறார் செய்தியக்கா. ழகரம் நாக்கில் சரியாக உருண்ட பிறகுதான் அவருக்குத் தெம்பு வரும். விபத்தானாலும் விருதானாலும் ஒரே கம்பீரம். வீட்டிலும் அதே குரல்தான். "அடுப்பில் பால் பொங்கி வழிகிறது" என்று அறிவித்தால், கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்புறம், விளையாட்டுச் செய்தி?" என்பார்.

அந்த அரசு வானொலியில் ஐந்து மொழிகளுக்கு ஒரே அறை. தமிழ் எழுந்தால் அடுத்த மொழி உட்காரும். அந்த மொழியில் செய்தி வாசிப்பவர் மீசைக்காரர். ஏசியை அவர் கூட்டுவார், அக்கா குறைப்பார். சண்டை போட இருவருக்கும் பொதுவாக வாய்த்தது அலுவலக மொழி. அதையும் ஆளுக்கொரு பக்கம் உடைத்தே பேசுவார்கள்.

போன மாதம் மீசைக்காரரின் நிகழ்ச்சிக்கே ஆபத்து வந்தது. "கேக்கறதுக்கு ஆளே இல்லயே, நிறுத்திடலாமா?" என்று நிலைய இயக்குநர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, தலைப்புச் செய்தியிலேயே மீசைக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. கிளம்பிக்கொண்டிருந்த அக்காவின் கைப்பையைப் பிடித்து இழுத்தார்.

அவர் மொழியின் எழுத்து அக்காவுக்குப் படிக்க வராது. அதனால் மீசைக்காரர் அக்காவின் காதில் கிசுகிசுக்க, அக்கா ஒலிவாங்கியில் முழங்கினார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது, கம்பீரத்துக்குக் குறைவில்லை. நடுவில் மீசைக்காரர் எரிச்சலோடு ஏதோ கிசுகிசுத்தார். அதையும் முழங்கினார். மீசைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "ஏன் அப்படி முழிச்சீங்க? என்னத்தச் சொல்லிட்டேன்?"

"'அமைச்சர் பேரைக் கடிச்சுத் துப்பாதே, கழுதை! மூச்சு விட்டுச் சொல்லு!'" என்றார் மீசைக்காரர், மிச்சமிருந்த குரலில்.

இயக்குநர் அறையில் தொலைபேசி அலறத் தொடங்கி ஓயவே இல்லை. ஆளே இல்லாத மொழிக்கு இத்தனை பேர் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று இயக்குநர் திகைத்துப்போனார். "அந்தம்மா நம்ம மொழியக் கொலை பண்றாங்க சார்" என்றார் ஒரு பெரியவர். "நாளைக்கும் வருவாங்கல்ல?"

நிறுத்துகிற பேச்சு அன்றோடு நின்றது. மீசைக்காரருக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் அவர் நிகழ்ச்சியின் முதல் செய்தியை அக்காதான் சொல்ல வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு.

"எனக்கு இருக்கற வேலை பத்தாதுன்னு இது வேறயா!" என்று அலுத்துக்கொள்கிறார் செய்தியக்கா. சிவப்பு விளக்கு எரிகிறது. கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, மீசைக்காரர் பக்கம் காதை நீட்டுகிறார்.