பசு பார்த்த குளம்

மாடு வாசற்படி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பேனா என்று நின்றுவிட்டது.

நெடுங்காட்டில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு அன்று காலை கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும், பிறகுதான் மனிதர்கள். சுரக்குடியிலிருந்து ஒருவர் தன் மாட்டை ஓட்டி வந்திருந்தார். மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அகத்திக்கீரையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அது தலையைத் தாழ்த்தி உள்ளே பார்க்கும், புஸ்ஸென்று மூச்சு விடும், பின்னால் நகரும். மாமா பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். முகத்தில் வாலடி வாங்கியதுதான் மிச்சம்.

நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. வாசல் வைத்த திசை சரியில்லை என்றார் ஒருவர். கண் திருஷ்டி என்றார் இன்னொருவர். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. பந்தலில் ஜமக்காளத்தின் நடுவே உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"லட்சுமியே உள்ள போக மாட்டேங்குது. இன்னைக்கு வேணாம் தம்பி, அடுத்த லீவுல பாத்துக்கலாம். எல்லாரும் நம்ம வீட்டுக்கே கெளம்புங்க."

நம்ம வீடு என்றால் அத்தை வீடு. அப்பா குவைத்தில் இருந்ததால் ஏழு வருஷமாக அம்மாவும் நானும் அங்கேதான். அப்பாவின் லீவில் மீதி நாலே நாள். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா முந்தானையை இறுகப் பிடித்தபடி மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அத்தை வீட்டில் கேரம் போர்டு உண்டு, கூட விளையாடப் பிள்ளைகள் உண்டு. போகாதே, போகாதே என்று மாட்டை வேண்டிக்கொண்டேன்.

அந்த நன்றிக்காகக் கன்றுக்குக் கீரை கொடுக்கலாமென்று வாசற்படியில் குந்தியபோதுதான் கவனித்தேன். கூடம் முழுக்க அம்மா ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த டைல்ஸ். டியூப் லைட் தரைக்குள்ளே எரிந்தது. ஃபேன் தரைக்கு அடியில் தலைகீழாகச் சுற்றியது.

"அம்மா, இங்கேருந்து பாத்தா கொளம் மாதிரி இருக்கும்மா" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா?

மாட்டுக்காரர் என் பக்கத்தில் குந்திப் பார்த்தார். "பாப்பா சொல்றது சரிதாங்க. நம்மள மாதிரி பாத்தவொடனே மாட்டுக்கு ஆழம் தெரியாது. தலைய எறக்கி, நின்னு பாக்கணும். இது பளபளன்னு கெடந்தா எப்படிங்க கால வைக்கும்?"

அத்தையிடம் அதுவரை உரக்கப் பேசியே அறியாத அம்மா நேராகப் பந்தலுக்குப் போனாள்.

"கொஞ்சம் எந்திரிங்க அண்ணி."

அத்தை எழுந்து முடிப்பதற்குள் ஜமக்காளத்தை உருவிக்கொண்டு வந்து, வாசற்படியில் நின்றபடியே கூடத்துக்குள் உருட்டிவிட்டாள்.

மாடு மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது, பிறகு மறு கால். கன்று துள்ளிக்கொண்டு பின்னால் ஓடியது. எனக்கே மூச்சு வந்தது போலிருந்தது, நான் எந்தக் கட்சி என்பதையே மறந்துபோனேன். நடுக்கூடத்தில் ஜமக்காளத்தின் மேலேயே மாடு கோமியம் விட்டது. இதைவிட நல்ல சகுனம் எங்கே கிடைக்கும்? "லட்சுமி வந்துட்டா" என்று முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவளே அத்தைதான். ஜமக்காளமும் அவளுடையதுதான்.

அடுப்பில் பால் பொங்கியபோது அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். கேரம் போர்டு போன துக்கத்தில் நானும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்தில் அம்மா பாய்கூட இல்லாமல், வெறும் தரையில் கைகாலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை வீட்டில் எனக்குப் பிறகு அவள் எழுந்த நாளே கிடையாது. பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அப்பாவை உலுக்கி எழுப்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றேன்.