டியூப்களுக்கு அடியில்

டெஸ்ஸி மிஃப்சுட்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். சிட்னியின் மேற்குப் புறநகரில், இயந்திரம் அலை எழுப்பும் அலைக்குளம் ஒன்றில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். மேலாளர் டேமியன் ஹாலரன் வந்து இரண்டு கோடைதான் ஆகியிருந்தது. அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவளுடைய அப்பா மால்டாவிலிருந்து கப்பலேறி வந்து கோழிப்பண்ணை வைத்தவர். தீவில் பிறந்தும் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. டெஸ்ஸிதான் பள்ளிக்கூட நாளில் நகராட்சிக் குளத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். முட்டை அடுக்கினாள், பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டினாள், இரண்டு பிள்ளை பெற்றாள். அதன்பின் வந்த வருடங்கள் எல்லாம் அலைக்குளத்து ஓரத்து உயர நாற்காலியில், மூழ்குகிறவர்களைக் காக்கும் லைஃப்கார்டாகத்தான் போயின. கடற்கரை தொலைவு. கடல்காற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தார் இளகும் ஜனவரிக் கோடையில் கார் இல்லாதவர்களும் பெட்ரோல் செலவை யோசிப்பவர்களும் அங்கேதான் குடும்பத்தோடு வந்து விழுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

புதிதாக வேலைக்குச் சேரும் லைஃப்கார்டுகளை அவள் முதலில் குளத்தின் பின்சுவருக்கு அப்பால் கூட்டிப் போவாள். அங்கே பேரிரைச்சல்.

"கடல்னு நெனச்சிடாதீங்க. இந்த விசிறி காத்த அந்த அறைக்குள்ள அடிக்குது. காத்து தண்ணிய அமுக்குது. தண்ணிக்குப் போக வேற வழியில்ல, குளத்துப் பக்கம் தள்ளிட்டு வருது. கதவு திறந்து காத்த விட்டதும் தண்ணி திரும்ப ஏறுது. மறுபடி அமுக்குது. கடல்ல அலைக்கு ஒரு களைப்பு வரும். இதுக்கு வராது. நீங்க நிறுத்துனாத்தான் நிக்கும்."

ஹங்கேரியில் ஒரு குளியல் விடுதியில் நூறு வருடத்துக்கு முன்பே அலை போட்டார்கள் என்பதையும், அரிசோனாப் பாலைவனத்தில் அலைமேல் பலகைச் சவாரிக்கென்றே குளம் கட்டினார்கள் என்பதையும் சொல்வாள். "எல்லா ஊர்லயும் மொதல்ல அலையக் கண்டுபுடிச்சாங்க. நிறுத்துற பட்டன் அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு" என்று முடிப்பாள். அது உண்மைதானா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் டேமியன் உட்கார்ந்து மிதக்கிற மஞ்சள் டியூப்களைக் கொண்டுவந்தான். பழைய டியூப்கள் கண்ணாடி மாதிரி இருக்கும், எண்ணிக்கையும் குறைவு. இவை தடித்த பிளாஸ்டிக், நடுவே ஓட்டைக்குப் பதில் வலைத்துணி, மேலே ஐஸ்கிரீம் விளம்பரம். வாசலிலேயே வாடகைக்குக் கொடுத்தார்கள். அலை தொடங்கினால் அத்தனையும் இடதுபக்கச் சுவரோரம் போய் ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும். தண்ணீரின்மேல் பாய் விரித்தது போல ஆகிவிடும். அதிலிருந்து ஒரு குழந்தை நழுவிக் கீழே போனால், மேலே வர இடைவெளி இருக்காது. மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது போனதும் தெரியாது.

டெஸ்ஸி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள்.

"டெஸ், இத்தன வருஷத்துல நீங்க ஒருத்தரையும் தவறவிட்டதில்ல. ஒரு டியூபா உங்கள ஏமாத்தப் போகுது?" என்றான் டேமியன்.

"என் கண்ணு பிளாஸ்டிக்க ஓட்ட போட்டுப் பாக்காது, டேமியன்."

"சின்னப் பசங்க ஃபோன நோண்டிட்டு உக்காந்திருக்காங்க. பிரச்சினை அங்க இருக்கு. அவங்களப் பாத்துக்குங்க."

அடுத்த வாரம் வாசலில் அவள் படத்தைப் போட்டுப் பெரிய பலகை வைத்தான். "இவர் கண் உங்கள் மேல்" என்று எழுதியிருந்தது. பலகைக்குக் கீழேயே டியூப் வாடகை மேசை. தன் முகத்தைக் காட்டி அந்த மஞ்சள் சனியனை விற்கிறார்கள் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்லாமல் ஒரு ரப்பர் பொம்மையைத் தண்ணீரில் மூழ்கவிடுவார்கள். எத்தனை சீக்கிரம் கண்ணில் படுகிறது என்று சோதிப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை அளவுப் பொம்மை. லைஃப்கார்டுகள் அதற்குக் கெவின் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டமில்லாத காலைகளில் மட்டும் அதைச் செய்வது வழக்கம்.

நீண்ட விடுமுறையின் முதல் நாள், கூட்டம் நெரியும் மதியத்தில், டெஸ்ஸி தன் தோழி சிசிலியாவிடம் சொன்னாள். சிசிலியா டோங்கா நாட்டுக்காரி, அதே குளத்தில் பத்து வருடமாக லைஃப்கார்டு.

"இன்னிக்கு நான் நாற்காலியில. கெவின உள்ள விடு. எப்ப, எங்கன்னு எனக்குச் சொல்லாத."

"நீ கண்டுபுடிச்சிட்டா என்னடி பண்ணுவ?"

"வாய மூடிக்கறேன். டியூப் இருந்துட்டுப் போகட்டும்."

"உன் வாயா? அது மூடறதப் பாக்கவே நான் சுலபமான எடமாப் பாத்துப் போடணும் போல."

டேமியனிடமும் விஷயத்தைச் சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்தாள். ஊதல் ஒலித்தது, அலை எழும்பியது, கூச்சலும் எழும்பியது. டெஸ்ஸி உட்காரவில்லை. நாற்காலிமேல் நின்றாள், இறங்கினாள், ஓரமாக நடந்தாள், குனிந்தாள். அவள் ஏமாற்றவில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் மஞ்சள்தான். அந்தச் சுற்று அலை முடிந்தது. சிசிலியா கையைத் தூக்கி விரித்துக் காட்டினாள். கெவின் முதல் அலையிலிருந்தே உள்ளே கிடக்கிறான் என்று அர்த்தம்.

டேமியன் கனிவோடு கேட்டான்.

"சமீபத்துல கண் டாக்டரப் பாத்தீங்களா, டெஸ்? தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் வயசாகுது. நாளையிலேர்ந்து டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காருங்க. நெழலா இருக்கும்."

டெஸ்ஸி அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக் கையில் இருந்த, அலையை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். அமுக்கினால் மறுபடி அலையை ஓட்ட ஒரு சாவி வேண்டும். அது அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது. ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"டியூப் எல்லாம் கரைக்கு வரணும். வந்தப்புறம்தான் அலை."

"காசு குடுத்துருக்கோம்மா" என்று ஒருவன் கத்தினான். "மெஷின் ரிப்பேருன்னு சொல்லேன், ஏன் எங்க மேல பாயற?" என்றது இன்னொரு குரல்.

"சாவியக் குடுங்க" என்றான் டேமியன்.

"குடுக்கறேன். மொதல்ல குளத்துத் தரை தெரியட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் டியூப்களைக் கரைக்கு இழுத்தார்கள். மஞ்சள் விலக விலக நீலம் தெரிந்தது. அப்புறம் இடதுபக்கச் சுவரடியில், தரையில், சிவப்புச் சட்டை போட்ட சின்ன உருவம் ஒன்று குப்புறக் கிடப்பது தெரிந்தது.

பெண் ஒருத்தி அலறினாள். சிசிலியா "பொம்மைதான், பொம்மைதான்" என்று கத்தியபடி ஓடிவருவதற்குள் இடுப்பில் இருந்த மகளை மனைவியிடம் திணித்துவிட்டு ஒருவன் பாய்ந்திருந்தான். மேலே வந்தபோதுதான் கையில் இருப்பது ரப்பர் என்று அவனுக்குத் தெரிந்தது. மூச்சிரைக்க, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாற்காலிக்கு வந்தான்.

"இது என்ன கூத்து?"

"பயிற்சி பொம்மை. உங்கள இப்படிப் பயமுறுத்துனதுக்கு மன்னிச்சிடுங்க" என்றாள் டெஸ்ஸி. "போன தடவ அலை ஆரம்பிச்சதுலேர்ந்து அங்கதான் கெடக்கு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தெரியல."

"அவ்ளோ நேரமுமா?"

"அவ்ளோ நேரமும்."

அவன் டேமியன் பக்கம் திரும்பினான். "இவங்க சொல்றது நெசமா?"

"சார், இது வழக்கமான ஒரு..."

"என் பொண்ணு அந்த டியூப்லதான்யா உக்காந்திருந்தா."

கெவினை டேமியனின் காலடியில் போட்டுவிட்டு, தன் டியூபை எடுத்துக்கொண்டு வாடகை மேசைக்கு நடந்தான். சிலர் அவன் பின்னால் போனார்கள். சிலர் டெஸ்ஸியைத் திட்டிக்கொண்டே கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் டேமியன் கூப்பிட்டு அனுப்பினான். நேற்று நடந்ததை விசாரிக்க நகராட்சியிலிருந்து ஆள் வருகிறாராம். அலை நேரத்தில் டியூப் இனி கிடையாது என்று சொல்லப் போகிறானாம். அவள் நாற்காலிக்குத் திரும்பலாமாம்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தச் சோதனைய நிர்வாகம் ஏற்பாடு பண்ணுச்சுன்னு சொல்லிடுங்க. நான் சொல்லி நீங்க செஞ்சதா."

டெஸ்ஸியின் காது மடல் சிவந்தது. கண் கெட்டவள் என்று நேற்று அனுப்பப் பார்த்தவன், இன்று அவள் தோற்றதைத் தன் சாமர்த்தியமாக ஆக்கிக்கொள்ளக் கேட்கிறான்.

"டியூப் திரும்ப வராதில்ல?"

"வராது."

"இன்னிக்கே வண்டில ஏத்தி அனுப்பணும். நான் பாக்கணும்."

"சரி."

"அப்ப பேர நீயே வெச்சுக்க. வாசல்ல இருக்கற என் மூஞ்சியையும் எடுத்துடு."

சாயங்காலம் அந்த மஞ்சள் குவியலை லாரியில் ஏற்றி முடிக்கும்வரை அவள் வெயிலில் நின்று பார்த்தாள். வீட்டில் கணவன் பாலாடைக்கட்டி வைத்த மால்டாப் பலகாரமான பஸ்தீட்சியைச் சூடாக்கித் தட்டில் வைத்தபடி கேட்டான்.

"அவன் சொன்னதுக்கு ஒத்துக்கிட்டியா? கோவம் வரலியா உனக்கு?"

"வருது" என்றாள் டெஸ்ஸி. "நாளைக்கும் வரும். ஆனா தரை தெரியும்."