மாமா மேலிருந்த விபூதி

என் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்த, திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருந்ததோ ஒரே மாமா. கல் குவாரியில், வெடி வைப்பதற்காகப் பாறையில் துளை போடுவது அவர் வேலை. அன்றைக்கும் மேஸ்திரி லீவு தரவில்லை. துளை போட்டுவிட்டுப் போ என்றுவிட்டாராம்.

குளக்கரையில் தம்பி மொட்டைத் தலையோடு கத்திக்கொண்டிருந்தான். காது குத்தும் ஆசாரி பையைக் கட்டத் தொடங்கினார்.

"உன் தம்பி வந்த மாதிரிதான். எங்கண்ணன் மடியில வெச்சிக் குத்திடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார் நைனா. அம்மாவுக்குப் பிறந்த வீட்டு மானம் போகிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா ஓடி வந்தார். தலை, புருவம், இமை எல்லாம் கல்தூள் படிந்து வெள்ளை. குவாரியில் குடிக்கத்தான் ஒரு பானைத் தண்ணீர். அதில் முகம் கழுவினால் மேஸ்திரி வைவார். காவடிக் கூட்டத்துக்கு நடுவில் அந்தக் கோலத்தைப் பார்த்த வெளியூர் அம்மா ஒருத்தி, தடாலென்று காலில் விழுந்தாள்.

"சாமி, கொழந்தைக்கு விபூதி குடு சாமி!"

"ஐயோ, எந்திரிங்கம்மா! சாமியில்ல, கல்லு ஒடச்சிகினு வரேன்."

"சாமிங்க அப்பிடித்தான் சொல்லும்" என்று அவள் கையை நீட்டியபடியே இருந்தாள்.

நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆங்! அங்க மேஸ்திரிக்கு டேய், இங்க சாமியா? குடுத்தனுப்பு மச்சான்!"

மாமாவும் சிரித்தார், சிரித்ததும் இருமல் வந்தது. அம்மாவின் தட்டிலிருந்த விபூதியை எடுத்து அந்த அம்மாள் கையில் போட்டார்.

எனக்குத் தட்டு விபூதி வேண்டாம். மாமா கையில் படிந்திருந்த வெள்ளையை வழித்து நெற்றியில் இட்டேன். மிச்சத்தை, கோயிலில் செய்வதுபோல, வாயில் போட்டுக்கொண்டேன்.

ஒருநாளும் என்னை அதட்டாத மாமா, கையில் பட்டென்று அடித்தார்.

"துப்பு! துப்புடி!"

வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்க வைத்தார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பிறகு குளத்தில் முங்கி எழுந்தார். வெள்ளையெல்லாம் போய்விட்டது, இருமல் மட்டும் நிற்கவில்லை. மடியில் தம்பி குலுங்கிக் குலுங்கி ஆட, "கொஞ்சம் அடக்கிக்கப்பா, ஊசி எங்கியாவது ஏறிடப் போவுது" என்றார் ஆசாரி. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றேன். யாரோ ஒருத்திக்குக் கேட்டதும் கொடுக்கிறார், அக்கா மகளுக்கு ஒரு சிட்டிகை தர மனசில்லையே என்று.